இரண்டு நோயாளர், ஒரு மேசை: ஒட்டிப் பிறந்த குழந்தைகளைப் பிரிக்கும் குழுவை மலையகத்தில் ஒருங்கிணைப்பது

ஒட்டிப் பிறக்கும் இரட்டையர் 50,000 முதல் 200,000 பிறப்புகளுக்கு ஒரு சோடி என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. அவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்தே பிறக்கிறார்கள். இலங்கை முழுவதிலும் இப்போது ஆண்டுக்கு மூன்று இலட்சத்துக்கும் குறைவான குழந்தைகளே பிறக்கின்றன. ஆகவே, இங்குள்ள ஒரு சிறுவர் சத்திரசிகிச்சை நிபுணர் தன் பணிக்காலம் முழுவதிலும் இப்படியொரு சோடியை ஓரிரு தடவை கண்டாலே அதிகம். குடலிறக்கத்தை நூறு தடவை தைத்தவருக்கு நூற்றோராவது தடவை கை தானாக வரும். இந்தச் சிகிச்சையில் அந்தக் கைப்பழக்கம் எவருக்குமே வாய்ப்பதில்லை. அதன் இடத்தை நிரப்ப இருப்பவை எழுதிவைத்த திட்டமும் ஒத்திகையும்தான். முன்கூட்டியே எடுத்திருக்கக்கூடிய முடிவு ஒன்றுகூட சத்திரசிகிச்சை மேசைக்கு மிச்சம் வரக்கூடாது. ஒருங்கிணைப்பாளரின் வேலை முழுவதும் அதற்காகத்தான்.

எந்தெந்த நிபுணர்கள் வேண்டும் என்பதைக் குழந்தைகள் ஒட்டியிருக்கும் இடமே தீர்மானிக்கிறது. நெஞ்சோடு நெஞ்சு ஒட்டியவர்களே ஆக அதிகம். ஏறத்தாழப் பத்தில் நான்கு சோடிகள் இப்படி. அடுத்தது வயிற்றோடு வயிறு ஒட்டியவர்கள், பத்தில் மூன்று அளவு. பிட்டத்தில் ஒட்டியவர்கள் ஐந்தில் ஒன்று, இடுப்பில் ஒட்டியவர்கள் அதைவிடக் குறைவு. தலையில் ஒட்டியவர்கள் நூற்றில் இரண்டு சோடிகள்தான். வயிற்றில் ஒட்டியவர்களுக்குப் பெரும்பாலும் ஈரல் பொதுவாக இருக்கும்; சிறுகுடலின் கீழ்ப்பகுதியும் பொதுவாக இருக்கலாம். 1811இல் சியாமில் பிறந்து 1874 வரை வாழ்ந்த சாங், எங் சகோதரர்களை இணைத்திருந்தது மார்பெலும்பின் கீழே ஒரு தசைப்பட்டையும், அதற்குள் ஓடிய ஈரல் பாலமும்தான். இன்று அது இந்த வகையில் எளிதான சிகிச்சையாகவே கருதப்படும். நெஞ்சில் ஒட்டியவர்களிடம் முதற்கேள்வி இதயம் ஒன்றா, இரண்டா என்பது. இதயத்தின் கீழறைகள் ஒன்றாகக் கலந்திருந்தால் இருவரையும் காப்பாற்றும் வழி இல்லை. பிட்டத்தில் ஒட்டியவர்களுக்கு முண்ணாணின் உறையும் மலவாசலும் பொதுவாக இருக்கக்கூடும். அங்கே நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் வேண்டும். கால் தசைகளுக்குப் போகும் நரம்புகளை மின் தூண்டலால் அடையாளம் காண வேண்டியிருப்பதால், அந்த நேரத்தில் தசைதளர்த்தி மருந்து கொடுக்கக் கூடாது. இதை மயக்க மருந்து நிபுணரிடம் அன்று காலையில் சொன்னால் காலம் கடந்துவிடும்.

மலையகத்தில் ஒருங்கிணைப்பு வைத்தியசாலையில் தொடங்குவதில்லை, தோட்டத்தில் தொடங்குகிறது. மருத்துவ மாது கர்ப்பிணியைப் பதிவு செய்து, முதல் ஸ்கேனுக்கு எத்தனையாவது வாரத்தில் அனுப்புகிறார் என்பதில்தான் மற்ற எல்லாமே தங்கியிருக்கிறது. 12 வாரத்திலேயே சந்தேகம் எழுப்பக்கூடிய அறிகுறிகள் உண்டு. இரட்டையருக்கு நடுவே சவ்வு தெரியாது, நஞ்சுக்கொடி ஒன்றாக இருக்கும், எத்தனை தடவை பார்த்தாலும் இரு தலைகளும் ஒரே மட்டத்தில், ஒரே முகப்பாட்டில் நிற்கும். தொப்புள் கொடியில் வழமையான மூன்று குழாய்களுக்கு மேல் தெரிவதும் எச்சரிக்கைதான். கொழுந்துக் காலத்தில் ஒரு நாள் கிளினிக் போனால் அரைப்பேர்கூட (அரைநாள் சம்பளம்கூட) கிடைக்காது என்று ஸ்கேனைத் தள்ளிப்போடும் தாய்மார் இருக்கிறார்கள். அதைத் தாயின் அலட்சியம் என்று எழுதிவிட்டுப் போவது தவறு. அந்த நாளின் சம்பளத்துக்கும் பயணத்துக்கும் தோட்ட நிர்வாகத்தோடு பேசுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

சந்தேகம் உறுதியானால் 20 முதல் 22 வாரத்துக்குள் சிசுவின் இதய எக்கோ பார்க்க வேண்டும். அதன் முடிவை வைத்துத்தான் எந்த நகரம் என்பதைத் தீர்மானிக்கலாம். மலையகத்தாருக்கு அருகில் இருப்பது பேராதனை. அங்கே போதனா வைத்தியசாலையும் சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலையும் இருப்பதால், பிரசவத்துக்கும் சிசு சிகிச்சைக்கும் இடையில் நீண்ட பயணம் இல்லை. இதயம் சம்பந்தப்பட்டிருந்தால் கொழும்பு சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையின் நிபுணர்களைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்த நகரமானாலும் குழந்தைகள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே இடம் மாறுவதுதான் பாதுகாப்பு. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாகவோ, நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை வழியாகவோ பிறந்த குழந்தைகளை அம்புலன்சில் இறக்குவது வேறு. தாயை ஆறுதலாக பஸ்ஸில் அழைத்து வருவது வேறு. வழமையான இன்குபேட்டர் ஒரு குழந்தைக்காகச் செய்யப்பட்டது. ஒட்டிய சோடியை அதற்குள் வைத்தால் கைநுழையும் துளைகள் சரியான இடத்தில் வராது, குழாய்கள் மடங்கும். நுவரெலியாவில் தை மாதக் குளிரில் வார்ட் வாசலில் பத்து நிமிடம் நின்றாலே சிசுவின் உடல்வெப்பம் இறங்கிவிடும். இந்தச் சோடிகள் குறைமாதத்தில் பிறப்பது சகஜமும்கூட. எனவே 32 வாரத்துக்குப் பிறகு அந்தத் தாய் தோட்டத்து லய வீட்டில் இருக்கக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. பேராதனையில் அவர் தங்குவதற்கும், வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கும் ஏற்பாடு செய்யாமல் “வந்து அட்மிட் ஆகுங்கள்” என்று மட்டும் சொன்னால் அவர் வரமாட்டார்.

பிரசவம் பெரும்பாலும் 36 முதல் 38 வாரங்களுக்குள், திட்டமிட்ட சீசர். வழமையான குறுக்கு வெட்டு போதாமல் கருப்பையை நெடுக்காகத் திறக்க வேண்டிவரலாம். அப்படித் திறந்த தாய்க்கு அடுத்த பிரசவமும் கட்டாயம் சீசராகத்தான் இருக்க வேண்டும் என்பதை அவருடைய அட்டையில் தெளிவாக எழுத வேண்டும். பிறந்த நிமிடத்திலேயே இரண்டு பெயர்ப்பட்டிகள், இரண்டு நோயாளர் சீட்டுகள், இரண்டு நிறங்கள். சிவப்பு, நீலம் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிறம் பிறகு எந்த வார்டுக்குப் போனாலும் மாறக் கூடாது. ஒரே சீட்டில் இரு குழந்தைகளுக்கும் மருந்து எழுதுவதுதான் இந்தச் சிகிச்சையின் ஆகப் பழைய பிழை. அது பிறந்த அன்றே தொடங்கினால் பிரித்த நாள்வரை தொடரும்.

உடனே பிரிக்க வேண்டிய நிலை சில உண்டு. ஒரு குழந்தை இறந்துவிட்டால் மற்றதைச் சில மணித்தியாலங்களுக்குள் பிரித்தாக வேண்டும். ஏனென்றால் உயிரோடுள்ள குழந்தையின் குருதி மற்ற உடலுக்குள் வடிந்துகொண்டிருக்கும். குடலடைப்பு, தொப்புளில் குடல் பிதுங்கிய பை கிழிதல், ஒரு குழந்தையின் இதயம் மற்றதையும் சேர்த்துச் சுமந்து தளர்வது ஆகியவையும் அவசரங்களே. அவசரப் பிரிப்பில் உயிர்பிழைப்பு மிகக் குறைவு. திட்டமிட்ட பிரிப்பில் பல மடங்கு மேல். ஆகவே மற்ற எல்லாச் சோடிகளுக்கும் ஒரு வயதை ஒட்டிய காலம்வரை, குறைந்தது சில மாதங்களாவது, காத்திருப்பதே நல்லது. அதற்குள் குழந்தைகள் எடைபோடும், உறுப்புகளின் படம் தெளிவாகும், தோலை வளர்க்கவும் நேரம் கிடைக்கும். அவசரத் திட்டம் மட்டும் பிறந்த முதல் நாளிலேயே ஒரு பக்கத்தில் எழுதி வார்டில் தொங்க வேண்டும்: யாரை அழைப்பது, எந்தத் தியேட்டர், எந்தக் குருதி.

தோல் விஷயத்தைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். பிரித்தபின் இரு உடல்களிலும் ஒரு பெரிய திறப்பு மிஞ்சும். இழுத்துத் தைத்தால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும், மூச்சு இயந்திரத்தின் அழுத்தம் கூடும், சிறுநீர் நிற்கும். அடுத்த சில மணித்தியாலங்களில் குழந்தை கைவிட்டுப் போகும். இதைத் தடுக்க, பிரிப்புக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் தோலுக்கடியில் சிலிக்கோன் பைகளை வைத்து, வாரம் ஓரிரு தடவை உப்புநீர் ஏற்றி அவற்றைப் பெருக்குவார். மேலேயுள்ள தோல் மெல்ல மெல்ல விரியும். பை வைத்த இடம் சிவந்தால், சுட்டால், தோல் மெலிந்து பை வெளியே தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். தொற்றோடு பிரிப்புக்குப் போகக் கூடாது. இந்த வாரங்களில் குழந்தைகளை நாவலப்பிட்டிக்கு அப்பால் வீட்டுக்கு அனுப்புவது அறிவல்ல.

மயக்க மருந்துதான் திட்டத்தின் ஆக நுணுக்கமான பகுதி. இரண்டு முழுமையான குழுக்கள் வேண்டும்: இரண்டு இயந்திரங்கள், இரண்டு மொனிட்டர்கள், இரண்டு மருந்து வண்டிகள், ஒவ்வொன்றிலும் அந்தக் குழந்தையின் நிற நாடா. சிவப்பு நாடா ஒட்டிய ஊசிக்குழல் நீல மேசையில் இருக்கவே கூடாது. தனித்தனியாக எடை பார்க்க முடியாததால் மொத்த எடையைப் பாதியாக்கித் தொடங்குகிறார்கள். ஆனால் ஒரு குழந்தை சிறியதாக இருந்தால் அந்தப் பாதிக் கணக்கே ஆபத்து. இருவருக்கும் இடையில் குருதி எவ்வளவு கலக்கிறது என்பதையும் முன்பே அறிய வேண்டும். ஒன்றுக்குக் கொடுத்த அட்ரோபின் மற்றதன் நாடியையும் ஏற்றுகிறதா என்று பார்ப்பது ஒரு வழி, சாயம் ஏற்றிய சீ.டி. ஸ்கேன் இன்னொரு வழி. கலப்பு அதிகம் என்றால், சிவப்புக்குக் கொடுக்கும் மருந்து நீலத்தையும் தூங்கவைக்கும். மூச்சுக்குழாய் இன்னும் போடாத நீலம் மூச்சை நிறுத்திவிடும். அதனால்தான் இரு குழாய்களும் சரியான இடத்தில் இருப்பதை மொனிட்டரில் வெளிமூச்சின் காபனீரொட்சைட்டு அலையில் கண்டபின்னரே எவருக்கும் தசைதளர்த்தி கொடுப்பது. முகத்தோடு முகம் பார்க்கும் சோடியில் ஒன்றுக்குக் குழாய் போடும்போது மற்றதை ஒருவர் உயர்த்திச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பது பெயரோடு எழுதப்பட்டிருக்க வேண்டும்.

குருதிக் கணக்கைப் பார்ப்போம். சோடியின் எடை 12 கிலோ என்றால் தலா ஆறு. கிலோவுக்கு 80 மில்லிலீற்றர் வீதம் ஒரு குழந்தையின் முழுக்குருதியும் 480 மில்லிலீற்றர்தான். அதில் பத்தில் ஒரு பங்கு 48 மில்லிலீற்றர். பத்துத் தேக்கரண்டிகூட இல்லை. எனவே உறிஞ்சு போத்தலைப் பார்த்து ஊகிப்பது பயனற்றது. குருதி தோய்ந்த ஒவ்வொரு துணியையும் தராசில் வைத்து, உலர்ந்த எடையைக் கழித்து, ஒரு கிராமை ஒரு மில்லிலீற்றராக எடுத்துப் பலகையில் எழுத ஒரு தாதி முழுநேரமாக வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் முழுக்குருதியின் இரு மடங்கு, அதாவது ஏறத்தாழ ஒரு லீற்றர் தயாராக வைப்பது பாதுகாப்பான கணக்கு. செங்குருதிக்கலப் பைகள் தலா நான்கு, அவற்றோடு பிளாஸ்மாவும் குருதித்தட்டுகளும். பழைய பைகளில் பொட்டாசியம் கசிந்து சேர்ந்திருக்கும். சிறு உடலில் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடக்கூடும். அதனால் ஐந்து முதல் ஏழு நாட்களுக்குள் எடுத்த பைகள்தான் வேண்டும் என்று குருதி வங்கிக்கு எழுத்தில் கேட்க வேண்டும். இலங்கையில் குருதி முழுவதும் தானமாகவே கிடைப்பதால், தோட்டத்து இளைஞர்கள் இரண்டு கிழமைக்கு முன்பே ஒரு முகாம் வைத்துக் கொடுத்தால் பயன் இல்லை. அந்தக் கிழமையில் வைப்பதே உதவி. இரட்டையருக்கு ஒரே குருதி வகைதான் என்றாலும் மாதிரிகள் இரண்டும் தனித்தனியே போக வேண்டும்.

நாள் குறிப்பதில் உள்ளூர் அறிவு வேண்டும். கிழமையின் தொடக்கமே நல்லது. முதல் மூன்று நாட்களில்தான் சிக்கல் வரும்; அப்போது ஆய்வுகூடமும் குருதி வங்கியும் முழு ஆட்பலத்தோடு இருக்க வேண்டும். போயா, சித்திரைப் புத்தாண்டு, தீபாவளியை ஒட்டிய நாட்கள் வேண்டாம். ஜூலை, ஓகஸ்டில் எசல பெரஹெரா நடக்கும் மாலைகளில் கண்டி வீதிகள் அடைபட்டுக் கிடக்கும். கண்டியிலிருந்து குருதியோ கொழும்பிலிருந்து ஒரு நிபுணரோ வருவது அந்த நேரத்தில் நிச்சயமில்லை. ஒக்டோபர், நவம்பர் மழையில் கடுகண்ணாவையிலும் றம்பொடையிலும் மண்சரிவு வரலாம். இரண்டு அதிதீவிர சிகிச்சைக் கட்டில்களும், ஒவ்வொரு வேலைமுறையிலும் கட்டிலுக்கு ஒரு தாதியும் தொடர்ந்து ஒரு கிழமைக்கு வேண்டும் என்பதால், மற்றக் குழந்தைகளின் சிகிச்சைகள் எவை தள்ளிப்போகும் என்பதையும் அவர்களின் பெற்றோருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஒத்திகை இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. 1987இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் தலையில் ஒட்டிய ஜேர்மன் இரட்டையரைப் பிரித்த எழுபது பேர் கொண்ட குழு, பொம்மைகளை வைத்துப் பல மாதங்கள் பழகியபின்தான் 22 மணித்தியாலச் சிகிச்சைக்குப் போனது. இரு துணிப்பொம்மைகளைத் தைத்து, உள்ளே மணல் நிரப்பி, உண்மையான எடையைக் கொண்டுவந்தால் போதும். எடை முக்கியம், ஏனென்றால் திருப்புவதற்கு எத்தனை கை வேண்டும் என்பது வெறும் பொம்மையில் தெரியாது. சோடியை மேசையில் திருப்பிப் பாருங்கள், குழாய்கள் எட்டுகின்றனவா? இரண்டாவது தியேட்டர்வரை நடந்து பாருங்கள். கதவு திறக்கும் பக்கம் எது, லிப்டில் கட்டிலும் ஆட்களும் கொள்கிறார்களா? கையோடு போகும் 680 லீற்றர் ஒட்சிசன் சிலிண்டர் நிமிடத்துக்கு ஆறு லீற்றர் வீதம் இரண்டு மணித்தியாலங்களுக்கும் குறைவாகவே வரும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எத்தனை விநாடியில் எடுக்கிறது, அதுவரை எந்த இயந்திரம் பெட்டரியில் ஓடும் என்பதையும் அன்றே சோதியுங்கள். ஒரு குழந்தையின் இதயம் நின்றால் நெஞ்சை யார், எங்கே அழுத்துவது என்பதை நெஞ்சில் ஒட்டிய சோடிக்குத் தனியாகப் பழக வேண்டும். ஒத்திகையில் அகப்படும் பிழைகள் பெரும்பாலும் வெட்டுதலில் அல்ல, நகர்த்துதலில்தான்.

சிகிச்சை நாளில், தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் காலையில் ஆளாளுக்கு வேலை செய்யும் மலை பிரித்துக் கொடுப்பதுபோல, தியேட்டருக்குள் இருக்கும் ஒவ்வொருவருக்கும் நிற்கும் இடமும் நிறத் தொப்பியும் காலையிலேயே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒருங்கிணைப்பாளர் கைகழுவி மேசைக்கு வரக் கூடாது. அவர் கையில் கடிகாரமும் பதிவேடும் மட்டும். வேடிக்கை பார்க்க வருவோரைத் தடுப்பதும் அவர் பொறுப்பே, ஏனென்றால் கூட்டம் கூடினால் தொற்றும் சத்தமும் கூடும். அறை வெப்பம் 26 முதல் 28 பாகை. இரு உடல்களும் முழுவதுமாகத் திறந்து கழுவப்படுவதால் குழந்தைகள் வேகமாகக் குளிர்ந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2008ஆம் ஆண்டுச் சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலைச் சிவப்புக்கு ஒரு தடவை, நீலத்துக்கு ஒரு தடவை வாசிக்க வேண்டும்.

ஈரலைப் பிரிக்கையில் அல்ட்ராசவுண்ட் கருவியை நேரடியாக ஈரல்மீது வைத்துக் குழாய்கள் குறைந்த கோட்டைக் கண்டு, அதன் வழியே போவது வழக்கம். கடைசிப் பாலத்தை வெட்டுமுன் அதைக் கிடுக்கியால் இறுக்கி, சில நிமிடங்கள் இரு மொனிட்டர்களையும் பார்ப்பது நல்லது. ஒன்றுக்கு அழுத்தம் ஏறி மற்றதற்கு இறங்கினால், அவர்கள் இதுவரை எவ்வளவு குருதியைப் பகிர்ந்தார்கள் என்பது அப்போது தெரியும். ஒன்றின் அதிரீனல் சுரப்பி மற்றதையும் தாங்கியிருக்கக்கூடும் என்பதால் அந்தச் சுரப்பியின் ஹோர்மோனுக்கு ஈடான ஹைட்ரோகோட்டிசோன் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். வெட்டிய கணத்தில் எல்லாரும் நிற்க, ஒரே குரல் மட்டும் பேச வேண்டும். துணிகளையும் கருவிகளையும் அந்த இடத்தில் ஒரு தடவை எண்ணி, கணக்கு ஒத்துப்போன பிறகே இரு மேசைகளுக்கும் புதிய தட்டுகள், புதிய கணக்கு. இது தவறினால் பின்னர் ஒரு துணி குறையும்போது அது எந்தக் குழந்தைக்குள் என்று தெரியாமல் இருவரையும் எக்ஸ்ரே எடுக்க நேரும். அதன்பின் ஒரு குழந்தை இரண்டாவது மேசைக்குப் போகும். அங்கே பாதுகாப்புப் பட்டியல் மீண்டும் முதலிலிருந்து.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்பதில்லை. 2003 ஜூலையில் சிங்கப்பூரில், தலையில் ஒட்டிய ஈரானிய சகோதரிகள் லாடன், லாலே 29 வயதில், ஐம்பது மணித்தியாலங்களுக்கு மேல் நீண்ட சிகிச்சையில் குருதியிழந்து இறந்தார்கள். மூளையிலிருந்து குருதியை வடிக்கும் பெரிய நாளம் இருவருக்கும் பொதுவாக இருந்தது. 2017இல் டெல்லி எய்ம்ஸ் வைத்தியசாலையில், இதேபோல் தலையில் ஒட்டிய ஒடிசாக் குழந்தைகள் ஜகா, கலியாவுக்கு ஓகஸ்டில் ஒரு கட்டம், ஒக்டோபரில் இரண்டாம் கட்டம் என்று பிரித்துச் செய்ததற்குக் காரணம், அந்த நாளத்துக்கு மாற்றுவழி உருவாக உடலுக்கு அவகாசம் கொடுப்பதே. திட்டத்தில் “இந்த இடத்தில் நிறுத்தித் திரும்பலாம்” என்ற புள்ளிகளும் எழுதப்பட வேண்டும். களைத்த குழு அந்த முடிவைத் தானாக எடுக்காது.

பெற்றோரின் சம்மதம் ஒரு கையெழுத்தோடு முடியும் காரியம் இல்லை. மலையகத்துத் தாய் தமிழில் கேட்பார். படிவமும் வைத்தியரும் பெரும்பாலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். வார்ட் துப்புரவு செய்யும் அக்காவை அழைத்து மொழிபெயர்க்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. இந்தச் சிகிச்சைக்கு அது அறவே கூடாது. தமிழ் தெரிந்த வைத்தியரோ பயிற்சி பெற்ற தாதியோ, குறைந்தது மூன்று அமர்வுகளில், படம் வரைந்து பேச வேண்டும். ஒருவர் மட்டும் பிழைக்கலாம், இருவரும் பிழைக்காமல் போகலாம், பிரிக்காமல் விடுவதும் ஒரு தெரிவு என்பவை மூன்றும் அந்தத் தாயின் பேச்சுவழக்கில் சொல்லப்பட வேண்டும். சொன்னதை அவரே திரும்பச் சொல்லிக் காட்டியபின் கையெழுத்து வாங்கலாம். 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோடி, மேரி என்ற புனைபெயர்களால் அறியப்பட்ட குழந்தைகளைப் பிரிக்கப் பெற்றோர் மறுத்தபோது, மேரி இறப்பாள் என்று தெரிந்தே நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. அந்த இடத்துக்குப் போகும் முன்பே பேசித் தீர்ப்பதற்குத்தான் இந்த அமர்வுகள். சிகிச்சை நடக்கும்போது ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஒரே ஆள் வந்து பெற்றோரிடம் தமிழில் நிலையைச் சொல்ல வேண்டும். குழந்தைகளின் படம் எந்தத் தொலைபேசியிலிருந்தும் வெளியே போகக் கூடாது.

வீடு திரும்புவதும் திட்டத்தில் சேரும். நெஞ்சு ஒட்டியிருந்த குழந்தைகளின் நுரையீரல் சிறுத்திருக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு மட்டுமே. பேராதனையில் ஒட்சிசன் இல்லாமல் நன்றாக இருந்த குழந்தை மேலே போனதும் திணறலாம். அதனால் அனுப்பும் முன் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் ஓரிரு இரவு வைத்து ஒட்சிசன் அளவைப் பார்ப்பது நல்லது. லயத்து அறையில் விறகடுப்புப் புகையும் ஈரமும் உண்டு; அடுப்பு இல்லாத அறையொன்றைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு வாங்க முடிந்தால் மருந்துகளில் பாதி மிச்சமாகும். காயத்தை மாற்றிக் கட்டுவதைத் தோட்டத்து மருத்துவ மாதுவும் தாயும் வார்டிலேயே செய்து பழகியிருக்க வேண்டும். தையல் ஓரம் கறுத்தல், வயிறு புடைத்தல், பால் குடிக்கையில் உதடு நீலமாதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்க வேண்டும். குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் என்ன செய்யப்பட்டது, எந்த மருந்து, எந்த வார்டின் தொலைபேசி என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய அட்டை ஒன்று தாயிடமும், இன்னொன்று தோட்டத்து மருந்தகத்திலும், மூன்றாவது மருத்துவ மாதுவின் பதிவேட்டிலும் இருக்க வேண்டும்.